முதலில் ஷெட்டைச் சுற்றி வா

சிங்காநல்லூர், கோவை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

“அதென்னமோ விலேனாமா தம்பி, அதைப் போட்டுவிட்டுரு, எல்லாஞ் சரியாப் போயிரும்” என்று உன் முதலாளி சொன்னதாக எழுதியிருந்தாய். நெட்வொர்க்கைப் பிரிக்க வேண்டும் என்று அவர் நினைத்தது சரி. பிரித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்ததுதான் சரியில்லை. போனில் பேசினால் பாதிப் பேச்சு உன் ஷெட் சத்தத்தில் போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படி.

நீ மூன்று குறை சொல்லியிருந்தாய். சாயங்காலம் ஆனால் டெஸ்பாட்சில் டேலி நகர்வதில்லை. கேமரா மாட்ட வந்த ஆள் ஒரு கேமராவுக்குக் கொடுத்த ஐபி, எடைமேடைக் கம்ப்யூட்டரின் ஐபியோடு மோதி லாரிகள் கேட்டில் நின்றன. ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிற பிள்ளைகளின் போனில் ஆபீஸ் சம்பளக் கணக்கு ஃபோல்டர் தெரிகிறது. மூன்றையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொள்ளாதே. கடைசி இரண்டும் விலேனை முறையாகப் போட்டால் தீரும். முதலாவது தீராது.

கணக்குப் போட்டுப் பார். ஷெட் பக்கம் 40 கேமரா இருக்கிறது என்றாய். ஒன்றுக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் 160 மெகாபிட். ஷெட்டிலிருந்து ஆபீசுக்கு வரும் ஃபைபரின் இரு முனையிலும் மாட்டியிருக்கிற பழைய மீடியா கன்வெர்ட்டரோ 100 மெகாபிட் வகை. இருட்டினதும் கேமரா படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் கூடும், அதனால் சில கேமராக்கள் இன்னும் அதிகமாக அனுப்பும். அந்த நேரத்தில் டெஸ்பாட்சின் டேலியும் அதே இழையில் முட்டிக்கொண்டு நிற்கிறது. எத்தனை விலேனாகப் பிரித்தாலும் அத்தனையும் அந்த ஒரே இழையில்தான் போயாக வேண்டும். கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு, இரண்டு பக்கமும் ஸ்விட்சிலேயே 1 ஜிகாபிட் எஸ்எஃப்பி மாட்டு. ஃபைபர் சிங்கிள் மோடா மல்டிமோடா என்று பார்த்து அதற்கேற்ற எஸ்எஃப்பி வாங்கு. இதை முதலாளியிடம் தெளிவாகச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் விலேன் எல்லாம் போட்டு முடித்த பிறகும் டேலி அப்படியே இருக்கும், பழி உன் தலையில் விழும்.

இனி பிரிக்கிற சோலிக்கு வருகிறேன். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு சம்பவங்கள் இருக்கின்றன. உன் முதலாளிக்கும் சொல்.

2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்களை ரேன்சம்வேர் தாக்கியது. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. நோயாளிகளின் பதிவு, பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் பல நாள் கையால் எழுதினார்கள். விடிகாலையிலேயே டோக்கனுக்கு வரிசை நிற்கிற ஆஸ்பத்திரி அது. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு கொடுத்த பதிலில் காரணம் சொல்லப்பட்டது: நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படாததே. நாட்டின் முதன்மையான ஆஸ்பத்திரிக்கு வந்த கதி அது. நீ செய்யப் போகிற வேலை எது என்று கேட்டால், அந்தப் பதிலில் இல்லை என்று சொல்லப்பட்டதே, அதுதான்.

இன்னொன்று நம் கூடங்குளம். 2019 செப்டம்பர் 4ஆம் தேதி, மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு அணுமின் கழகத்துக்கு ஒரு தீநிரல் பற்றித் தகவல் கொடுத்தது. அக்டோபர் 30 அன்று கழகம் அதை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த நெட்வொர்க்கில் ஒருவருடைய கம்ப்யூட்டரில்தான் அது நுழைந்தது, ஆலையின் முக்கியமான உள் நெட்வொர்க் அதிலிருந்து தனித்து இருக்கிறது, ஆலைக் கட்டுப்பாடு பாதிக்கப்படவில்லை என்றது அறிக்கை. அங்கே இருப்பது விலேன் பிரிவு இல்லை, முற்றிலும் தனியான நெட்வொர்க். உன்னுடையதைப் போன்ற மில்லுக்கு அவ்வளவு செலவு கட்டாது. ஆனால் ஆபீஸ் மெயிலைத் திறக்கிற கம்ப்யூட்டரும் ஆலையை ஓட்டுகிற கம்ப்யூட்டரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்ற அந்த ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தும்.

நம் அப்பிச்சி சொன்னது நினைவிருக்கிறதா? பழைய மில்லில் ஷெட் முழுக்க மேலே ஒரே இரும்புத் தண்டு ஓடும், ஒவ்வொரு மெஷினுக்கும் அதிலிருந்து பெல்ட் இறங்கும், தண்டு நின்றால் மொத்த வரிசையும் நிற்கும் என்பாரே. கோவையின் முதல் மில் ஸ்டேன்ஸ் மில், 1888ல் வந்தது. 1930களில் பைக்காரா கரண்டு வந்த பிறகு அவினாசி ரோடு, திருச்சி ரோடு என்று மில்கள் வரிசையாக எழும்பின. மெஷினுக்கு ஒரு மோட்டார் என்று ஆன பிறகுதான் ஒன்று நின்றாலும் மற்றது ஓடியது. உன் மில்லின் நெட்வொர்க் இன்னும் அந்த ஒற்றைத் தண்டுக் காலத்தில்தான் இருக்கிறது. முதலாளியிடம் இந்த வழியில் சொல். வேறெதையும்விட அவருக்கு இது உடனே பிடிபடும்.

ஸ்விட்சுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்கோஸ்கி இந்த யோசனையை வளர்த்தார். 1998ல் ஐஇஇஇ அதை 802.1கியூ என்ற தரமாக வெளியிட்டது. ஸ்விட்சுகளுக்கு நடுவில் போகிற ஃபிரேமில் அனுப்புநர் முகவரிக்குப் பின்னால் 4 பைட் டேக் செருகப்படுகிறது. அதில் 12 பிட் விலேன் எண். அதனால் மொத்தம் 4096 எண்கள். 0வும் 4095ம் ஒதுக்கப்பட்டவை, மீதி 4094 உனக்கு. கம்ப்யூட்டர், கேமரா, பயோமெட்ரிக் மாட்டுகிற போர்ட்டில் டேக் கிடையாது. ஸ்விட்ச்தான் ‘இந்தப் போர்ட்டில் வருவது எல்லாம் 20’ என்று எடுத்துக்கொள்ளும். ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் போகிற கம்பியில் மட்டும் டேக் ஒட்டிப் போகும். இவ்வளவுதான் அடிப்படை. மற்றதெல்லாம் இதை எந்தக் கம்பெனி எந்தப் பெயரில் கூப்பிடுகிறது என்கிற விவகாரம்.

அந்தப் பெயர் விவகாரமும் உனக்கு வரும், ஏனென்றால் உன் ராக்கில் சிஸ்கோவும் இருக்கிறது, ஹெச்பியும் இருக்கிறது, ஷெட் மூலையில் விலை குறைந்த டிபி-லிங்கும் இருக்கிறது. சிஸ்கோவில் ட்ரங்க் என்றால் பல விலேன் போகிற இணைப்பு. ஹெச்பியில் ட்ரங்க் என்றால் இரண்டு மூன்று கம்பிகளை ஒன்றாகக் கட்டிய இணைப்பு. சிஸ்கோ ட்ரங்க் செய்வதை அங்கே ‘டேக்டு’ என்று விலேனுக்குள்ளே போய்க் கொடுக்க வேண்டும். டிபி-லிங்க் போன்றவற்றில் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்: எந்தப் போர்ட் எந்த விலேனில் உறுப்பு என்பது ஒரு பக்கம், அந்தப் போர்ட்டின் பிவிஐடி இன்னொரு பக்கம். பிவிஐடியை மாற்றாமல் விட்டால் வெளியே போவது சரியாகப் போகும், உள்ளே வருவது மட்டும் பழைய 1லேயே விழுந்துகொண்டிருக்கும். ‘லைட் எரியுது, ஆனா ஐபி வாங்க மாட்டேங்குது’ என்று யாராவது சொன்னால் முதலில் பிவிஐடியைப் பார்.

ஆனால் கமாண்ட் எல்லாம் அப்புறம். முதலில் செய்ய வேண்டியது, ஒரு பேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஷெட்டைச் சுற்றி வருவது. புளோரூமில் தொடங்கி கார்டிங், டிராஃபிரேம், சிம்ப்ளக்ஸ், ரிங் ஃபிரேம், ஆட்டோகோனர் வரை நூல் போகிற வழியிலேயே நடந்து போ. எங்கெல்லாம் நெட்வொர்க் கம்பி போகிறதோ அங்கெல்லாம் நின்று ஒரே கேள்வி கேள்: இது யாரோடு பேச வேண்டும்? ஆட்டோகோனரின் பேனல் புரொடக்‌ஷன் சர்வரோடு மட்டும் பேச வேண்டும், இன்டர்நெட் தேவையில்லை. கேமரா என்விஆரோடு மட்டும். பயோமெட்ரிக் சம்பள சாஃப்ட்வேர் இருக்கிற சர்வரோடு மட்டும். ஸ்பின்னிங் மாஸ்டரையும் எலக்ட்ரீஷியனையும் கூட அழைத்துக்கொள். ஆபீசில் இருக்கிற எந்த டிராயிங்கிலும் இல்லாத கம்பிகள் எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். சூப்பர்வைசர் மேசைக்குக் கீழே செருகிக் கிடக்கிற 8 போர்ட் சின்ன ஸ்விட்ச்களை அவர்தான் காட்டுவார். அவற்றைக் கண்டுபிடிக்காமல் வேலையை ஆரம்பிக்காதே. அந்தச் சின்ன ஸ்விட்ச்சுக்கு விலேன் தெரியாது. மேலே அது மாட்டியிருக்கிற போர்ட் எந்த விலேனோ, அதில் செருகிய எல்லாமே அந்த விலேன்தான். ஒரு பக்கம் கேமரா, ஒரு பக்கம் சூப்பர்வைசர் கம்ப்யூட்டர் என்று அதில் இருந்தால் உன் பிரிவு அங்கேயே உடைந்து போகும்.

போன வருஷம் நான் வேலைக்குப் போன ஒரு மில்லில், ரிங் ஃபிரேம் ஷெட் சுவரில் மாட்டியிருந்த ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தேன். காற்றுத் துளைகள் முழுக்கப் பஞ்சு ஃபிளஃப் படிந்து, வெள்ளைக் கம்பளிபோல ஒரே துண்டாக உரிந்து வந்தது. உள்ளே ஃபேன் சுற்றவே இல்லை. மூடியைத் தொட்டால் கை சுட்டது. அதில் எழுதியிருந்த கான்பிகரேஷன் அருமையாக இருந்தது. என்ன பிரயோஜனம்? நாளுக்கு நான்கு தடவை தானாக ரீபூட் ஆகிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் ஃபேன் இல்லாத ஸ்விட்சையே வாங்கு, தூசி புகாத பெட்டிக்குள் வை, மெயின்டனன்ஸ் ஃபிட்டரின் வாராந்தர சுத்தப் பட்டியலில் அந்தப் பெட்டியையும் சேர்க்கச் சொல். காப்பர் கம்பி 100 மீட்டர் தாண்டினால் நம்பாதே. உங்கள் ஷெட் நீளத்துக்கு அது சுலபமாகத் தாண்டிவிடும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஃபைபர்தான். ஐப்பசி இடி மின்னல் மாதத்தில் அதன் அருமை தெரியும்.

சுற்றி வந்து எழுதியதை வைத்து விலேன் எண்களைத் தீர்மானி. ஆபீஸ் 10, கேமரா 20, மெஷின்கள் 30, பயோமெட்ரிக்கும் எடைமேடையும் 40, ஹாஸ்டல் வைஃபை 50, ஸ்விட்ச்களை நிர்வகிக்க மட்டும் 99. ஐபியிலும் அந்த எண்ணே தெரியும்படி வை: கேமராவுக்கு 10.1.20, மெஷினுக்கு 10.1.30 என்று. நடு ராத்திரியில் ஒரு ஐபியைப் பார்த்ததும் அது எந்த ஜாதிப் பொருள் என்று தெரிய வேண்டும். இதற்கு மேல் பிரிக்காதே. கார்டிங்குக்கு ஒன்று, சிம்ப்ளக்சுக்கு ஒன்று என்று இருபது விலேன் போட்டுவிட்டுப் போனவர்களின் வேலையை நான் பிறகு பிரித்துக் கட்டியிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், பராமரிக்க ஆளிருக்காது. 1ஐ எதற்கும் பயன்படுத்தாதே. எல்லாப் போர்ட்டும் கம்பெனியிலிருந்து வரும்போதே அதில்தான் இருக்கிறது. மறந்துபோன போர்ட்டெல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. விலேன் பிரித்ததோடு வேலை முடிந்தது என்று பலர் கை கழுவிவிடுகிறார்கள். பிரித்த விலேன்கள் ஒன்றோடொன்று பேச ஒரு லேயர் 3 ஸ்விட்சோ பயர்வாலோ வேண்டும். லேயர் 3 ஸ்விட்சில் ஐபி ரூட்டிங்கைப் போட்டு ஒவ்வொரு விலேனுக்கும் ஒரு கேட்வே கொடுத்த மறுகணம், எல்லா விலேனும் எல்லா விலேனோடும் பேசும். ஹாஸ்டல் போனிலிருந்து சம்பள ஃபோல்டர் மறுபடியும் திறக்கும். ஐபி மட்டும் புதிதாக இருக்கும். டேபிளில் ஆறு விலேன் அழகாகத் தெரியும், பாதுகாப்பு ஒரு துளியும் கூடியிருக்காது. நீ ஷெட்டில் நடந்து எழுதிய ‘யார் யாரோடு பேச வேண்டும்’ என்ற பட்டியல் இங்கேதான் உயிர் பெறுகிறது. அதை அப்படியே ரூலாக எழுது. எழுதாதது எல்லாம் அடைப்பு. உன் மில்லின் அளவுக்கு, கேட்வேக்களை பயர்வாலிலேயே வைக்கச் சொல்வேன். ரூல் ஒரே இடத்தில் இருக்கும், யார் முட்டிப் பார்த்தார்கள் என்ற லாகும் கிடைக்கும்.

மெஷின் விலேன் 30ல் மட்டும் கொஞ்சமும் தளராதே. ஆட்டோகோனர் பேனல்களில் சிலது இன்னும் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை பரவியபோது, விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டை வழியாக ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு, யாரும் எதையும் கிளிக் செய்யாமலே தாவியது. உன் மெஷின் பேனலை அப்டேட் செய்ய முடியாது, மாற்றவும் முடியாது. மெஷின் இன்னும் பல வருஷம் ஓடும். அதைக் காப்பாற்ற இருக்கிற ஒரே வழி, ஆபீசிலிருந்து அந்த ஃபைல் ஷேரிங் போர்ட் 445 அங்கே போகவே முடியாமல் அடைப்பது. மெஷின் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர் வந்தால் அவர் லேப்டாப்பை நேராக 30ல் செருக விடாதே. அதற்கென்று ஒரு போர்ட் வை, வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய். 2013ல் அமெரிக்காவில் டார்கெட் என்ற பெரிய கடைச் சங்கிலியில் சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்தது ஏசி வேலை செய்கிற ஒரு கான்ட்ராக்டருக்குக் கொடுத்திருந்த பாஸ்வேர்டு வழியாக.

கேமராவுக்கு இன்டர்நெட் வேண்டாம். 2016ல் மிராய் என்ற நிரல் கம்பெனி பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே நிறுத்தியது. முதலாளி வீட்டிலிருந்து போனில் கேமரா பார்க்க வேண்டும் என்பார். பார்க்கட்டும், விபிஎன் போட்டு என்விஆரை மட்டும் காட்டு. போர்ட் ஃபார்வர்டு செய்து கொடுக்காதே. இன்னொரு சின்ன விஷயம்: இன்டர்நெட்டை அடைத்ததும் கேமராக்களின் கடிகாரம் மெதுவாக நழுவ ஆரம்பிக்கும். கேமரா விலேனின் கேட்வேயையே என்டிபி சர்வராகக் கொடு. பஞ்சு குடோனில் தீப்பிடித்த நேரம் எது என்று ஒரு நாள் யாராவது கேட்டால், படத்தில் இருக்கிற மணி சரியாக இருந்தாக வேண்டும்.

ஹாஸ்டல் வைஃபை பற்றி ஒன்று. அதை அடியோடு எடுத்துவிடலாம் என்று ஆபீசில் பேச்சு இருப்பதாக எழுதியிருந்தாய். விடாதே. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள், அரை நைட் முடித்து ரூமுக்கு வந்து அம்மா முகத்தைப் பார்ப்பது அந்த வைஃபையில்தான். சம்பள ஃபோல்டர் தெரிந்தது அவர்கள் குற்றமில்லை, பிரிக்காமல் விட்டவர்களின் குற்றம். 50ஐ அவர்களுக்கென்று தனியாகக் கொடு, அங்கிருந்து இன்டர்நெட் தவிர வேறெதுவும் போகாமல் அடை, ஒரு போன் இன்னொரு போனைப் பார்க்காதபடி ஆக்சஸ் பாயின்ட்டில் ஐசோலேஷன் போடு. வேகத்துக்கு அளவு வைக்கலாம், ஆனால் ஒரு வீடியோ கால் தடங்காமல் போகிற அளவாவது இருக்கட்டும். பிரித்துவிட்டால் தாராளமாகக் கொடுக்கலாம், ஆபீசுக்கு எந்த ஆபத்தும் இல்லை. முதலாளியிடம் இதை நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் தரப்பில் பேச அங்கே வேறு யாரும் இல்லை.

மாற்றுகிற நாளுக்கு, ஈபி மாதாந்திர பராமரிப்புக்குக் கரண்டு நிறுத்துகிற நாளைத் தேர்ந்தெடு. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடாதே. கேமராவை முதலில் நகர்த்து. என்விஆரோடு சேர்த்து மொத்தமாக நகர்த்தலாம், ஏதாவது விட்டுப்போனாலும் உற்பத்தி நிற்காது. பிறகு ஹாஸ்டல், பயோமெட்ரிக், மெஷின். ஆபீஸ் கடைசி. ஒவ்வொன்றும் ஒரு வாரமாவது ஓடட்டும். ஆபீசை நகர்த்தும்போது பிரிண்டர்கள் காணாமல் போகும், ஏனென்றால் தானாகத் தேடிப் பிடிக்கிற வசதி விலேன் தாண்டி வேலை செய்யாது. ஐபி கொடுத்துச் சேர்த்துவிடு. டிஹெச்சிபி சர்வர் ஒரே விலேனில் இருந்தால் மற்ற விலேன்களின் கேட்வேயில் ரிலே போட வேண்டும்.

ஸ்விட்சுகளை மாற்றும்போது கடைக்கோடியில் இருக்கிறதிலிருந்து ஆரம்பித்து, ஆபீஸ் ராக்குக்கு வா. நடுவில் இருப்பதை முதலில் மாற்றினால் அதற்கு அந்தப்பக்கம் இருக்கிற எதையும் உன்னால் தொட முடியாது. சிஸ்கோவில் ஆபத்தான வரியைத் தட்டுமுன் ‘ரீலோட் இன் 10’ கொடு. சேவ் செய்யட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். இணைப்பு அறுந்தால் பத்து நிமிஷத்தில் அது தானே பழைய கான்பிகரேஷனோடு எழுந்து நிற்கும். எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டு அப்புறம் சேவ் செய். சேவ் செய்வதை மறக்காதே. ட்ரங்கில் புதிய விலேன் சேர்க்கும்போது ‘அலவ்டு விலேன் ஆட் 30’ என்று ‘ஆட்’ போட வேண்டும். அந்த ஒரு சொல் விட்டுப்போனால் ஏற்கெனவே இருந்த எல்லா விலேனும் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். அனுபவசாலிகளின் மில்லும் இதில் இருண்டிருக்கிறது. ட்ரங்கின் இரு முனையிலும் நேட்டிவ் விலேன் ஒரே எண்ணாக இருக்கட்டும். பழைய சிஸ்கோ ஸ்விட்சை வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து மாட்டுவதாக இருந்தால் முதலில் விடிபியை டிரான்ஸ்பரன்ட் ஆக்கு. அதே டொமைன் பெயரும் அதைவிடப் பெரிய ரிவிஷன் எண்ணும் அதில் இருந்தால், கம்பி செருகின நொடியில் உன் மொத்த விலேன் பட்டியலையும் தன்னுடையதாக மாற்றிவிடும். ஆக்சஸ் போர்ட்களில் பிபிடியு கார்டு போட்டுவிடு. யாராவது ஒரு கம்பியின் இரண்டு முனையையும் சுவரில் செருகிவிட்டால் அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும், ஷெட் முழுக்க நிற்காது. லூப்பை அடைக்கிற ஸ்பேனிங் ட்ரீ முறையை ராடியா பெர்ல்மன் என்ற அம்மா 1985ல் வடிவமைத்தார். என் மேசையில் அவர் படம் ஒட்டியிருப்பதை நீ பார்த்திருக்கிறாய்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஸ்விட்சுக்குள்ளேயே பெயர் எழுது. ராக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டு, தமிழில். எந்தப் போர்ட் எது, எந்தக் கம்பியைத் தொடக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று. முழு நைட்டில் அங்கே இருப்பது நீ இல்லை, எலக்ட்ரீஷியன்தான். அவர் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

உன் சுற்றுப்பட்டியல் தயாரானதும் போட்டோ எடுத்து அனுப்பு, ரூல்களை ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம். கன்சோல் கேபிளும் யுஎஸ்பி கன்வெர்ட்டரும் வாங்கி வைத்திருக்கிறேன். புதன்கிழமை பல்லடம் வருகிற நம்ம சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன், மறக்காமல் வாங்கிக்கொள். அம்மா வேறு உனக்குக் கம்பு மாவும் முறுக்கும் கட்டி வைத்திருக்கிறாள், அதுவும் வரும்.

அன்புடன்,
உன் அக்கா